நகம் கடிக்கும் பழக்கம்: கண்டிப்பதற்கு முன் கவனிப்போம்

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயார் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். வலக்கை ஆள்காட்டி விரலின் நகத்தோரம் சிவந்து வீங்கி, உள்ளே சீழ் கட்டியிருந்தது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகி இரண்டு இரவுகள் பார்த்தும் வலி குறையவில்லை. மருத்துவர் மற்ற விரல்களையும் காட்டச் சொன்னபோது, சிறுமி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை, டாக்டர். நகம் கடித்தால் தரித்திரம் என்று இவள் பாட்டிகூடச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்” என்றார் தாயார்.

சீழை அகற்றிக் கட்டுப் போடும் வரை தாயார் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். சிறிது நேரம் கழித்து அவரை அழைப்பதற்காகச் செவிலியர் கதவைத் திறந்தபோது, தாயாரின் கட்டைவிரல் அவருடைய பற்களுக்கு நடுவே இருந்தது. செவிலியர் ஒன்றும் சொல்லவில்லை. தாயாரே கையைக் கீழிறக்கி விரலைப் பார்த்தார். “எனக்கே தெரியவில்லை” என்றார்.

அந்த இரண்டு சொற்களில்தான் இப்பழக்கத்தின் முழு இயல்பும் அடங்கியிருக்கிறது. நகம் கடிப்பவர் பெரும்பாலும் அதைத் தீர்மானித்துச் செய்வதில்லை. விரல் வாய்க்குப் போன பிறகோ, நகம் பிய்ந்து வலித்த பிறகோதான் அவர் அறிகிறார். தாம் அறியாமல் செய்யும் ஒரு செயலை “செய்யாதே” என்னும் கட்டளையால் நிறுத்துவது கடினம். இதை மனத்தில் கொண்டால், இத்தனை ஆண்டுகளாக நம் வீடுகளில் கண்டிப்பும் கேலியும் ஏன் பயன் தரவில்லை என்பது விளங்கும்.

பழக்கம் எப்படி வேரூன்றுகிறது

நகம் கடித்தல் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது. பள்ளிப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் மிகுந்து காணப்படுகிறது. வயது ஏற ஏறப் பலரிடம் தானே குறைந்து மறைகிறது. சிலரிடம் மட்டும் நடு வயதிலும் முதுமையிலும் தொடர்கிறது. கடிப்பவர் எல்லாரும் மனநோயாளர் அல்லர். எப்போதாவது நகம் கடிப்பது மிகச் சாதாரணமான ஒரு மனிதப் பழக்கம். உடற்காயமும் மன வேதனையும் உண்டாகும் அளவுக்கு அது முற்றும்போது மட்டுமே மருத்துவம் அதை ஒரு கோளாறாகக் கருதுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், முடி பிடுங்குதல், தோலைக் கிள்ளுதல் ஆகியவற்றுக்கு அருகில், உடலையே மையமாகக் கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

“பதற்றத்தால்தான் கடிக்கிறான்” என்று பலரும் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. தேர்வுக்கு முந்தைய இரவும், அறுவை அரங்கின் வாசலும் விரலை வாய்க்கு அழைப்பது மெய்யே. ஆனால் ஒரு வேலையும் இல்லாத சலிப்பும், எடுத்த செயல் உடனே முடியாத எரிச்சலும் அதே வேலையைச் செய்கின்றன. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும்போதும், கடினமான கணக்கைப் போடும்போதும், கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும்போதும் நகம் கடிக்கப்படுவதைக் காணலாம். இன்னொரு காரணமும் உண்டு. நகத்தின் ஓரத்தில் சிறு பிசிறு தட்டுப்பட்டால் அதைச் சமன்செய்துவிட வேண்டும் என்ற உந்துதல் எழுகிறது. பல்லால் பிய்த்தவுடன் ஒரு சிறு நிம்மதி கிடைக்கிறது. ஆனால் பல் வெட்டிய இடம் ஒருபோதும் நேராக இராது. புதிய பிசிறு தோன்றுகிறது. விரல் மீண்டும் வாய்க்குப் போகிறது. உந்துதல், செயல், நிம்மதி என்ற இந்தச் சுழற்சி ஆயிரம் முறை நிகழ்ந்த பின், மூளைக்கு அதில் கவனம் செலுத்தும் தேவையே இல்லாமல் போகிறது.

ஒரு நகத்தோடு முடிவதில்லை

நகத்தின் அடியிலும் ஓரங்களிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கும் காவல். நகத்தைக் கடிப்பவர் அந்தக் காவலையும் சேர்த்தே கிழிக்கிறார். வாயிலுள்ள கிருமிகள் விரலுக்குள் செல்ல, நாம் நகச்சுற்று என்று அழைக்கும் வீக்கம் உண்டாகிறது. அடிக்கடி கடிப்பவரிடம் அது நாள்பட்டதாக மாறி, நகம் மேடுபள்ளமாக வளரலாம். அரிதாக, கவனிக்கப்படாத தொற்று விரல் எலும்பு வரை இறங்குவதும் உண்டு. விரலில் மரு இருந்தால் அதன் வைரஸ் மற்ற விரல்களுக்கும் உதட்டுக்கும் பரவலாம்.

கிருமிகள் எதிர்த்திசையிலும் பயணம் செய்கின்றன. நக இடுக்கில் தங்கும் அழுக்கோடு புழு முட்டைகளும் வாய்க்குள் போகின்றன. ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சித் தொல்லை சில குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் சொறிந்த விரலைக் காலையில் கடிக்கும் குழந்தை, தன் உடலிலிருந்தே மீண்டும் தொற்றைப் பெறுகிறது.

பல் மருத்துவர்கள் காணும் பாதிப்பு வேறு. முன்பற்களின் விளிம்பு தேய்கிறது. சில நேரம் விண்டு போகிறது. நகத்துண்டு ஈறைக் குத்திப் புண்ணாக்குகிறது. பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகள் நகம் கடித்தால் பல்லின் வேர் கரையும் அபாயமும் கூடுகிறது.

இவற்றிடையே ஓர் ஆறுதலும் உண்டு. நகம் வளரும் இடம் தோலுக்கு அடியில் இருப்பதால், அது கெடாதவரை நகம் மீண்டும் வளரும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஏறத்தாழ 6 மாதம் ஆகும். ஆகவே இன்று நிறுத்துபவர் சில வாரங்களிலேயே தம் விரலில் மாற்றத்தைக் காண இயலும்.

சிலருக்கு இது தள்ளிப்போடக் கூடாத செய்தி

நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு நகச்சுற்று ஒரு வார வலி. எல்லாருக்கும் அப்படியல்ல. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் சிறு விரல் புண்ணும் விரைவில் உள்ளங்கை வரை பரவக்கூடும். உணர்ச்சி குறைந்த விரலாக இருந்தால் வலியும் எச்சரிக்காது. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும், நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்களும் இதே நிலையில் இருப்பவர்கள்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்களிடம் நாங்கள் இதைத் தனியாகக் கேட்டு அறிகிறோம். மருந்து ஏற்றிய பின் வரும் முதல் இரண்டு வாரங்களில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடக்கூடும். அந்நாட்களில் நகத்தோரக் கிழிசல் ஒன்றே கிருமிக்குப் போதுமான வாசல். சீழ் உண்டாகவே வெள்ளை அணுக்கள் தேவையாதலால், பெரிய வீக்கமோ சீழோ இன்றியே தொற்று இரத்தத்தில் கலந்துவிடலாம். ஆகவே கீமோதெரபி பெறுபவருக்கு விரலில் வலியோ சிவப்போ தோன்றினால், வளரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மருத்துவமனையில் காத்திருப்பதே இப்பழக்கத்தை மீண்டும் எழுப்புகிறது என்பதையும் நாங்கள் காண்கிறோம். பத்தாண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட பழக்கம், ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் வரிசையில் திரும்பி வருகிறது. நோயாளர்க்கு மட்டுமன்று, துணைக்கு வந்தவருக்கும் வருகிறது. கட்டில் கம்பி, லிஃப்ட் பொத்தான், கதவுக் கைப்பிடி எனப் பலர் தொட்ட இடங்களைத் தொட்ட விரல் வாய்க்குப் போகும் இடமும் இதுவே.

பழக்கத்தை மாற்றும் வழி

1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். நகம் கடித்தல், விரல் சூப்புதல், தோளை வெட்டி அசைத்தல் போன்ற பழக்கங்கள் உள்ள 12 பேரிடம் அதனைக் கையாண்டு பார்த்திருந்தனர். “பழக்கத்தைத் திருப்புதல்” என்று நாம் தமிழில் சொல்லத்தக்க அம்முறையே இன்றும் இவ்வகைச் சிகிச்சைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. அதன் சாரத்தை வீட்டிலேயே பின்பற்றலாம்.

முதற்படி கவனித்தல். முதல் வாரத்தில் நகம் கடிப்பதை நிறுத்த முயல வேண்டாம்; குறித்துக்கொள்வது மட்டும் போதும். சிறு தாளில் நேரம், இடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, எந்த விரல் ஆகிய நான்கை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அத்தாளைப் பார்த்தால், நாள் முழுவதும் கடிப்பதாக நினைத்தவர் உண்மையில் மூன்று நான்கு சூழல்களில் மட்டுமே கடிப்பதை அறிவார். விரல் வாயைத் தொடுவதற்கு முன் வரும் அறிகுறிகளும் புலப்படும். கட்டைவிரலால் மற்ற நகங்களைத் தடவிப் பிசிறு தேடுவது, கன்னத்தில் கை வைப்பது, முகவாயைத் தாங்குவது ஆகியன அத்தகையவை. பழக்கத்தை மாற்ற ஏற்ற தருணம் இதுவே.

இரண்டாம் படி மாற்றுச் செயல். முன்னறிகுறி தெரிந்தவுடன், நகம் கடிப்பதோடு ஒருசேரச் செய்ய முடியாத வேறொன்றைக் கைகளுக்குக் கொடுக்க வேண்டும். விரல்களை மடக்கி மெல்லப் பிடித்துக்கொள்ளலாம். நாற்காலியின் கையையோ பேனாவையோ பற்றிக்கொள்ளலாம். ஜபமாலை உருட்டுபவர் அதை உருட்டலாம். ஒன்று முதல் மூன்று நிமிடம் அப்படியே இருந்தால் போதும். உந்துதல் அலைபோல எழுந்து தானே தணிவதை அனுபவத்தில் காணலாம். எவரும் கவனிக்காதபடி, வகுப்பிலும் பேருந்திலும் செய்யக்கூடிய செயலாக அது இருப்பது நன்று.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டெஃபன் மோரிட்ஸ் தலைமையிலான குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், நகம் கடித்தல், முடி பிடுங்குதல், தோல் கிள்ளுதல் போன்ற பழக்கமுள்ள 268 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது இவ்வளவே: விரல் நுனிகளையோ உள்ளங்கையையோ கையின் பின்புறத்தையோ நாளுக்குச் சில முறை மெல்லத் தடவிக்கொடுப்பது. 6 வாரங்களுக்குப் பின் அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் தமக்கு ஓரளவேனும் முன்னேற்றம் தெரிவதாகக் கூறினர். பயிற்சி பெறாதவர்களிடம் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகவே இருந்தது. நகம் கடிப்பவர்களே மற்றவர்களைவிட மிகுந்த பயன் பெற்றனர். எல்லாருக்கும் பலிக்கும் மந்திரமன்று அது. எனினும் செலவில்லாத, தீங்கில்லாத முயற்சி.

மூன்றாம் படி விரலைப் பேணுதல். பிசிறு இல்லாத நகம் பல்லை அழைப்பதில்லை. நகவெட்டியும் சிறு அரமும் பையில் இருக்கட்டும். பிசிறு தட்டுப்பட்டால் அரத்தால் தேய்த்துவிடலாம். இரவில் தேங்காயெண்ணெய் தடவினால் நகத்தோரத் தோல் காய்ந்து உரியாது. கடிக்கும் விரலில் பிளாஸ்திரி சுற்றுவதும், சிலருக்கு மருதாணி இடுவதும் உதவுகின்றன. மருதாணி இட்ட விரலின் நிறமும் மணமும் அது வாயருகே வரும்போதே நினைவூட்டிவிடும். இலையை அரைத்து இடும் மருதாணியே நல்லது. கடையில் கிடைக்கும் கருமருதாணியில் தோலைப் புண்ணாக்கும் சாயம் கலந்திருக்கலாம்.

பத்து விரல்களையும் ஒரே நாளில் விடுவிக்க முயல வேண்டாம். ஒரு விரலை, சுட்டுவிரலோ சுண்டுவிரலோ, முதலில் காத்திடுங்கள். அந்த ஒரு நகம் வளர்ந்து நிற்பதைக் காண்பது மற்ற ஒன்பதுக்கும் ஊக்கமாகும்.

கசப்பு உதவுமா?

விரலில் வேப்பெண்ணெய் தடவுவது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். இன்று கடைகளில் விற்கும் கசப்புப் பூச்சுகளிலும் அதே எண்ணம்தான் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் டெனடோனியம் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. 1958இல் ஸ்காட்லாந்தில், மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றிய ஆய்வின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்ட இப்பொருள், உலகில் அறியப்பட்ட மிகக் கசப்பான பொருள்களுள் ஒன்று. விரல் வாய்க்குச் சென்றதை அறியாதவருக்கு அக்கசப்பு ஒரு நினைவூட்டல் ஆகலாம். பழக்கத்தை விட விரும்பும் ஒருவர் தாமே தடவிக்கொண்டால் ஓரளவு பயன் தருகிறது. விருப்பமில்லாத குழந்தைக்குத் தண்டனையாகத் தடவினால், கையைக் கழுவவும் ஒளிக்கவும் மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள். மிளகாய்ப் பொடியைத் தடவாதீர்கள். அந்த விரல் கண்ணுக்கும் போகும். கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேப்பெண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம். அதைச் சிறிதளவு விழுங்கிய குழந்தைகள்கூட வலிப்பு வந்து நினைவிழந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

குடும்பத்தாருக்கு

“கையை எடு” என்று ஒரு நாளில் இருபது முறை சொல்லும் வீட்டில், குழந்தை நகம் கடிப்பதை நிறுத்துவதில்லை. நம் கண்ணுக்கு எதிரே கடிப்பதை மட்டும் நிறுத்துகிறது. விருந்தினர் முன்னிலையில் கைகளைக் காட்டச் சொல்வதும், தம்பி தங்கையரோடு ஒப்பிடுவதும் வெட்கத்தைக் கூட்டுகின்றன. வெட்கம் மன இறுக்கத்தைக் கூட்டும். மன இறுக்கம் விரலை மீண்டும் வாய்க்கு அழைக்கும்.

அதற்குப் பதிலாக, இருவருக்குள் மட்டும் ஓர் அடையாளத்தை வகுத்துக்கொள்ளுங்கள். தோளை மெல்லத் தொடுவதோ, மேசையில் ஒருமுறை தட்டுவதோ போதும். எந்த அடையாளம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். கடிக்காத நேரத்தைக் கண்டு பாராட்டுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் விரல்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் படங்கள் காட்டும். திடீரென்று பழக்கம் மிகுந்தால், பள்ளியிலோ நட்பிலோ வீட்டிலோ என்ன மாறியது என்று அமைதியாகக் கேளுங்கள். சில நேரங்களில் நகம்தான் முதலில் செய்தி சொல்கிறது.

இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. தேர்வு, காய்ச்சல், துக்கம் போன்ற நாட்களில் பழக்கம் திரும்பி வருவது இயல்பு. மறுநாள் மீண்டும் தாளை எடுத்துக் குறிக்கத் தொடங்கினால் போதும்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

நகத்தோரம் லேசாகச் சிவந்து வலித்தால், வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை வைக்கலாம். எலுமிச்சம்பழம் சீழை வற்றவைக்காது. கிழிந்த தோலில் எரிச்சலையே தரும். ஊசியாலோ பிளேடாலோ நீங்களே குத்த வேண்டாம். சீழ் கட்டினாலும், இரண்டு நாளில் குறையாவிட்டாலும், சிவப்பு விரலின் மேல் ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் மருத்துவரைக் காணுங்கள். முன்னர்ச் சொன்ன சர்க்கரை நோயாளர்களும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் முதல் நாளே வர வேண்டும். நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றினால் தோல் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

இரத்தம் வருமளவு கடித்தும் நிறுத்த இயலாதவர்கள், கைகளை மறைத்துப் பள்ளிக்கோ வேலைக்கோ போகத் தயங்குபவர்கள், முடியைப் பிடுங்குதல் போன்ற பிற பழக்கங்களும் சேர்ந்திருப்பவர்கள் மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ அணுகலாம். அது வெட்கப்பட வேண்டிய செயலன்று. நோயாளரைக் கவனித்துக்கொள்ளும் சுமையில் தாமே தளர்ந்துபோன துணையாளர்களுக்கும் இது பொருந்தும். இந்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

அந்தச் சிறுமி ஆறு வாரம் கழித்து மறுபார்வைக்கு வந்தாள். இம்முறை கைகளை மறைக்கவில்லை. இடக்கையின் சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் நகம் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. மற்ற விரல்கள் பெரும்பாலும் பழையபடியே இருந்தன. அரையாண்டுத் தேர்வில் இரண்டு நாள் கடித்துவிட்டதாக அவளே சொன்னாள். தாயும் மகளும் ஆளுக்கொரு தாளில் குறித்து வருகிறார்களாம். “என் தாளில்தான் கோடு அதிகம்” என்றார் தாயார். சிறுமி சிரித்தாள். மருத்துவர் இருவருடைய கைகளையும் பார்த்து, அடுத்த மறுபார்வைக்கு இருவரையும் சேர்ந்தே வரச் சொன்னார்.